இரண்டாவது ஆசிரியர்

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மத்திய அரசு கரும்பலகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், அவர்களில் ஒருவர் கூடுமானவரை பெண், அடிப்படையான கற்பித்தல் பொருள்கள் என்பது அதன் சாரம். ஓராசிரியர் பள்ளிகள் நாடெங்கும் நிறைந்திருந்த காலம் அது. பின்னர் வந்த 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதையே அடித்தள அளவாக வைத்தது.

இரண்டாவது ஆசிரியரைக் கொடுத்தவர்கள் வகுப்புகளைப் பிரித்துக்கொள்ளும் வசதியைக் கருதியே கொடுத்தார்கள். ஆனால் பள்ளிக்குள் அவர் செய்யும் வேலை அதோடு முடிவதில்லை. தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளி ஒன்றின் சாதாரண நாளைப் பார்த்தால் இது விளங்கும். தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் வைத்திருப்பார். உதவி ஆசிரியர் ஒன்று முதல் மூன்று வரை பார்த்துக்கொள்வார். பத்து மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். ஏதோ ஒரு படிவம் உடனே வேண்டும். தலைமையாசிரியர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் உதவி ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறைக்குள் கூட்டுவார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து எழுதிக் காட்ட, நான்காம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, மற்றவர்களுக்குக் கதை நடக்கும். மதியம் சத்துணவை ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவதும் அன்று அவர்தான். மறுநாள் அவருடைய குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், இதே ஏற்பாடு திரும்பி நடக்கும். இதற்கு அரசாணை எதுவும் இல்லை. பேசிவைத்துக்கொண்டதுகூட இல்லை.

ஆசிரியர்களின் மீள்திறன் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். பயிற்சிகளில் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறோம். நேர்மறையாகச் சிந்திக்கச் சொல்கிறோம். நெருக்கடியைத் தாங்குவது ஆசிரியரின் தனிப்பட்ட மனவலிமையைப் பொறுத்தது என்ற எண்ணம் இவற்றின் அடியில் இருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளும், பெருந்தொற்றுக் காலத்தில் நாம் கண்ணால் கண்டவையும் வேறொன்றைச் சொல்கின்றன. தாங்கும் திறன் ஒருவருடைய நெஞ்சுக்குள் சேமித்துவைக்கும் பொருள் அல்ல. அது இரண்டு ஆசிரியர்களுக்கு இடையில் உருவாகிறது. உருவாவதற்கு நேரமும் நம்பிக்கையும் வேண்டும்; மேலிருந்து குறுக்கிடாத ஒரு சிறு இடமும் வேண்டும். அரசு ஆணையிட்டு இதை வரவழைக்க முடியாது. ஆனால் அதை எளிதில் அழித்துவிட முடியும்.

தனித்தனி அறைகள்

ஆசிரியர் பணி எவ்வளவு தனிமையானது என்பதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி. 1975-இல் வெளிவந்த அவருடைய நூல் பள்ளியின் கட்டமைப்பை முட்டை அட்டைக்கு ஒப்பிட்டது. ஒவ்வொரு குழியிலும் ஓர் ஆசிரியர், ஒரு வகுப்பு. ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாது. மருத்துவர் கடினமான நோயாளியைப் பற்றிச் சக மருத்துவரிடம் கலந்து பேசுகிறார். வழக்கறிஞர் வழக்கைப் பற்றி மூத்தவரிடம் கேட்கிறார். ஆசிரியர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தன் தோல்வியோடு தனியே நிற்கிறார் என்பது லார்ட்டி வரைந்த சித்திரம்.

இந்தத் தனிமையின் விலை என்ன என்பதை வேறொரு துறை சொன்னது. 1970-களில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கரும் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் பணிச்சோர்வைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்களைக் காட்டினார். முதலாவது, உணர்வு வற்றிப்போவது. இரண்டாவது, தான் சேவை செய்யும் மனிதர்களை ஒட்டாமல் எட்ட நின்று பார்க்கத் தொடங்குவது. மூன்றாவது, தான் செய்வதால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம் வேரூன்றுவது. பள்ளிக்கூடத்தில் இந்த மூன்றையும் காது கொடுத்துக் கேட்கலாம். ‘இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது’ என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது அதைச் சோம்பல் என்றும் ஆணவம் என்றும் எடுத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அது நோயின் அறிகுறி. தன் வேலைக்குப் பயன் உண்டு என்று அவருக்குச் சொல்ல ஆளில்லாமல் போயிருக்கிறது. அதிகாரி குறையைக் காண வருகிறார். பெற்றோர் புகாரோடு வருகிறார். பிள்ளையோ இன்னும் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் நன்றி சொல்லும். நேற்று படிக்காத பிள்ளை இன்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டது என்பதைக் கண்டு மகிழக்கூடியவர் பக்கத்து அறை ஆசிரியர் மட்டும்தான்.

தோழமை என்றால் என்ன என்ற கேள்விக்கு 1982-இல் ஜூடித் வாரன் லிட்டில் விடை தேடினார். ஆறு பள்ளிகளில் ஆசிரியர்களோடு இருந்து கவனித்த அவர், நன்றாக நடக்கும் பள்ளிகளில் நான்கு பழக்கங்கள் இருப்பதைக் கண்டார். கற்பித்தலைப் பற்றி ஆசிரியர்கள் அடிக்கடி, பொத்தாம்பொதுவாக இல்லாமல் குறிப்பாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கிறார். பாடத்தையும் பொருள்களையும் சேர்ந்து தயாரிக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டு சம்பள விகிதத்தையும் மாறுதல் கலந்தாய்வையும் பேசுவது மனத்துக்கு இதம்தான். ஆனால் வேலையின் சுமையைக் குறைப்பது அந்த நான்கு பழக்கங்களே.

ஆதாரம் எங்கே இருக்கிறது

மீள்திறன் பற்றிய ஆய்வு குழந்தைகளிடமிருந்து தொடங்கியது. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் மிகுந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திடமான, அக்கறை மிக்க பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்த ஒன்று, வாழ்க்கையில் தம்மை நம்பிய ஒரு பெரியவராவது இருந்தது. பல பேருக்கு அந்தப் பெரியவர் ஓர் ஆசிரியர்.

பிள்ளைக்கு ஆசிரியர் துணை என்றால் ஆசிரியருக்கு யார் துணை? இங்கிலாந்தில் கிறிஸ்டோஃபர் டே தலைமையில் 2000-களின் முற்பகுதியில் நடந்த பெரிய ஆய்வு இந்தக் கேள்விக்கு விடை தருகிறது. 100 பள்ளிகளைச் சேர்ந்த 300 ஆசிரியர்களை அது சில ஆண்டுகள் தொடர்ந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் ஓய்வை நெருங்குபவர்கள் வரை எல்லாரும் அதில் இருந்தார்கள். டேயும் அவருடைய சக ஆய்வாளர் சிங் கூவும் அதிலிருந்து எடுத்துக்காட்டியது இதுதான்: ஆசிரியரின் ஈடுபாடு பிறவிக்குணம்போல் நிலையாக இருப்பதில்லை, பணிக்காலத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஏறி இறங்குகிறது. வீட்டில் ஒரு மரணம், பள்ளியில் ஒரு புதிய தலைமையாசிரியர், அடங்காத ஒரு வகுப்பு என எதுவும் அதைச் சாய்த்துவிடலாம். மீண்டு எழுந்தவர்களைக் கேட்டபோது சக ஆசிரியர்களும் தலைமையாசிரியரும் குடும்பமும் தந்த ஆதரவையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிகளில் இருந்தவர்களுக்கு இந்தச் சரிவு அதிகம். அவர்கள் கூடுதல் வலிமை படைத்தவர்களாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட அவர்களுக்குக் கூடுதல் துணை கொடுப்பதே சரி என்பது அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

சிகாகோவில் அந்தோணி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 1990-களில் நானூறுக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளின் நிலையைப் பார்த்தார்கள். ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆகியோருக்கு இடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று மாணவர் கற்றலில் முன்னேறியது. நம்பிக்கை குன்றிய பள்ளிகளில் ஏழில் ஒன்றே முன்னேறியது. நம்பிக்கை என்று அவர்கள் சொன்னது ஒருவரையொருவர் மதிப்பது, திறமையை நம்புவது, சொன்ன சொல்லைக் காப்பது, கடமைக்கு அப்பாலும் ஒருவர் நலனில் மற்றவர் அக்கறை கொள்வது ஆகிய நான்கும் சேர்ந்தது. இவற்றில் எதையும் ஒரு நாள் பயிற்சியில் ஊட்ட முடியாது.

பத்தொன்பது மாதங்கள்

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் தமிழ்நாட்டின் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இடையில் ஏறத்தாழ 19 மாதங்கள். 2019-இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆனால் கிராமத்து வீடுகளில் கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். தொலைக்காட்சி இருந்தாலும் பாட நேரத்தில் மின்சாரம் இருக்காது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஆசிரியர் முகத்தையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போனது.

அந்த மாதங்களில் பள்ளிக் கட்டடம் இல்லாமலே பல ஆசிரியர்கள் பள்ளியை நடத்தினார்கள். கோயில் மண்டபத்திலும் வேப்பமரத்தடியிலும் பத்துப் பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்காரவைத்தார்கள். பேருந்து ஓடாதபோது வண்டி வைத்திருந்தவர் வழியில் இருந்த சக ஆசிரியரை ஏற்றிக்கொண்டு போனார். கைப்பேசியில் காணொளி தயாரிக்கத் தெரிந்த இளையவர், ஓய்வுக்கு இரண்டு ஆண்டே இருந்த மூத்தவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஊரில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டது, எந்தப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று அறிந்திருந்த மூத்தவர் அந்த வீட்டு வாசலுக்கு இளையவரை அழைத்துப் போனார். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்தபோதுதான் ஒரு முழு ஆசிரியர் கிடைத்தார்.

வாட்ஸ்அப் குழுக்களின் பங்கையும் இங்கே சொல்லவேண்டும். அலுவலகம் நடத்திய குழுக்கள் ஒருவகை. அவற்றில் படிவங்களும் காலக்கெடுவும் வந்தன. ஆசிரியர்களே தொடங்கிய குழுக்கள் வேறு வகை. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்கள், ஒரே ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் படித்தவர்கள், பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்காரர்கள் சேர்ந்து வைத்துக்கொண்டவை அவை. 2021 மே மாதத்தில் அந்தக் குழுக்களில் பாடத்தைவிட ஆக்சிஜன் படுக்கை எங்கே காலி என்ற கேள்விதான் அதிகம் ஓடியது. ஓர் ஆசிரியரின் கணவருக்கு மூச்சுத் திணறல் என்றால், மாவட்டத் தலைநகரில் இருக்கும் மற்றோர் ஆசிரியர் மருத்துவமனை வாசலில் போய் நின்றார். நெருக்கடியில் கைகொடுத்த இந்தக் குழுக்கள் நெருக்கடியின்போது உருவானவை அல்ல. பல ஆண்டுகள் பாடக்குறிப்பும் பண்டிகை வாழ்த்தும் பரிமாறிக்கொண்ட பழக்கமே அன்று உதவியாக மாறியது.

பள்ளிகள் திறந்த பிறகு எதிரே நின்ற சவாலோ வேறு. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் ஆய்வின்படி, மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 2018-இல் 10.2 விழுக்காடு, 2022-இல் 4.8 விழுக்காடு. இந்த இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டு மாநிலமெங்கும் விரிந்தது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை அது. ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நிலைகளைக் கையாளவேண்டும். மாதிரி வகுப்பில் பார்க்க அழகாக இருக்கும் இதைத் தன் அறையில் நடைமுறைக்குக் கொண்டுவர ஆசிரியருக்கு வேண்டியது, ‘உங்க ஸ்கூல்ல இதை எப்படி ஓட்டுறீங்க டீச்சர்?’ என்று கேட்க ஓர் ஆள். ஒரு பள்ளியில் வெட்டித் தயாரித்த எழுத்தட்டைகள் நகலெடுக்கப்பட்டு ஐந்து பள்ளிகளுக்குப் போயின. ‘அரும்புக்கு முதல்ல குடுத்துட்டு மலரை அவங்களா எழுத விடுங்க’ என்ற ஒரு வரி யோசனை, பயிற்சிக் கட்டகத்தின் இருபது பக்கங்களைவிடப் பயன்பட்டது. 2024-இல் அசர் எண் 2018-இன் அளவைத் தாண்டி ஏறியது. இதில் தன்னார்வலர்களுக்கும் திட்டத்துக்கும் பெற்றோருக்கும் பங்குண்டு; எழுத்தட்டைகளைக் கைமாற்றிக்கொண்ட ஆசிரியர்களுக்கும் பங்குண்டு.

இறந்தவர்களை எண்ணியவர்கள்

சக ஆசிரியருக்குத் துணை நிற்பது என்பது ஆறுதல் சொல்வதோடு முடிவதில்லை. உத்தரப் பிரதேசத்தில் 2021 ஏப்ரலில், இரண்டாம் அலை உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், நான்கு கட்டங்களாகப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிப் பணியில் பெரும்பங்கு ஆசிரியர்களுடையது. மறுக்க வழியில்லை, மறுத்தால் நடவடிக்கை. தேர்தல் முடியும் முன்பே ஆசிரியர்கள் இறக்கத் தொடங்கினார்கள்.

அந்த மாநிலத்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் செய்தது எளிய காரியம். ஆனால் மிகக் கடினமான காரியம். மாவட்டம் மாவட்டமாகப் பெயர்களைத் திரட்டியது. ஏப்ரல் இறுதியில் 706 பெயர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. மே மாத நடுவில் அது 1,621 ஆனது. அரசுத் தரப்போ மூன்று பேர் என்றது. பணிக்குக் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை நடந்த மரணம் மட்டுமே தேர்தல் பணி மரணம் என்ற பழைய விதியை வைத்துப் போட்ட கணக்கு அது. தொற்று அப்படிக் கொல்வதில்லை. கிருமி உடம்பில் புகுந்து, இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையில்தான் உயிர் போகிறது. பட்டியல் பொதுவெளிக்கு வந்து எழுப்பிய கேள்விக்குப் பிறகு, தேர்தல் பணி முடிந்து 30 நாட்களுக்குள் தொற்றால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் இழப்பீடு என்று விதி மாற்றப்பட்டது. சக ஆசிரியர்கள் பெயர்களை எழுதிவைக்காமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பங்களின் துயரம் எந்தக் கோப்பிலும் ஏறியிருக்காது.

அதே மாநிலத்தில் 2020-இல் ‘டீச்சர்ஸ் செல்ஃப் கேர் டீம்’ என்ற அமைப்பு தோன்றியது. உறுப்பினரான ஆசிரியர் ஒருவர் இறந்தால், மற்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகையை இறந்தவர் குறிப்பிட்டிருந்த வாரிசின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்துவார்கள். ஒருவர் தருவது சிறிது. ஆயிரக்கணக்கானோர் தரும்போது குடும்பம் நிமிர்ந்து நிற்கும் தொகையாகிறது. தமிழ்நாட்டிலும் ஒரே ஆண்டில் பணியேற்ற ஆசிரியர்கள் தங்களுக்குள் இப்படிப் பணம் திரட்டி, மறைந்த நண்பரின் வீட்டுக்குக் கொடுப்பது வழக்கமாகி வருகிறது.

இதைப் பாராட்டும்போதே இதன் காரணத்தையும் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதலும் உத்தரப் பிரதேசத்தில் 2005 ஏப்ரல் 1 முதலும் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டு, பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள் வந்தார்கள். அரசு கையை விட்ட இடத்தில்தான் சக ஆசிரியர்கள் கையேந்திப் பணம் திரட்டவேண்டி வந்தது. ஆசிரியர்களின் தோழமையைப் புகழ்ந்துவிட்டு, அந்தத் தோழமை எதை ஈடுகட்டுகிறது என்று கேட்காமல் போவது நியாயமாகாது.

தோழமைக்கு அடித்தளமே இல்லாதவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பதற்குத் தனியார் பள்ளி ஆசிரியர்களே சான்று. கட்டணம் வராததால் பல பள்ளிகள் சம்பளத்தைப் பாதியாக்கின. பல அடியோடு நிறுத்தின. முதுகலையும் பி.எட்.டும் படித்தவர்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள், காய்கறி விற்றார்கள், தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தார்கள். தெலங்கானா அரசு 2021 ஏப்ரலில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்களில் அதுவும் இல்லை. வேலைப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் சங்கமில்லை. சங்கம் இல்லாத இடத்தில் பட்டியல் எழுத ஆளில்லை. அவர்களும் மனவலிமையில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. அவர்களிடம் இல்லாமல் போனது ஒருவரோடு ஒருவரை இணைக்கும் நிரந்தரம்.

ஆணையிட்ட கூட்டம்

ஆசிரியர்கள் கூடிப் பேசினால் நல்லது என்பதை அரசுகள் அறியாமல் இல்லை. தமிழ்நாட்டில் பத்துப் பதினைந்து பள்ளிகளை இணைத்துக் குறுவள மையம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே ஆசிரியர்கள் கூடுகிறார்கள். எண்ணம் சிறந்தது. நடப்பதோ, பெரும்பாலும் மேலிருந்து வந்த காணொளியைத் திரையிடுவதும், வருகையைப் பதிவதும், நடந்ததற்குச் சாட்சியாகப் படமெடுத்து அனுப்புவதும்தான். உண்மையான குறுவள மையக் கூட்டம் மதிய உணவு நேரத்தில் தாழ்வாரத்தில் நடக்கிறது. ‘அந்தப் பையன் இன்னும் பேசவே மாட்டேங்கறானா?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘பாட்டோட சேர்த்துப் பாருங்க, வாயைத் திறப்பான்’ என்று இன்னொருவர் சொல்கிறார். லிட்டில் கண்ட நான்கு பழக்கங்களும் அந்த முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகின்றன. கை கழுவியதும் மறுபடி திரை முன்னால் போய் உட்காரவேண்டும்.

கனடாவில் பணியாற்றிய கல்வியாளர் ஆண்டி ஹார்கிரீவ்ஸ், மேலிடம் திட்டமிட்டு நடத்தும் இத்தகைய கூட்டுறவைச் செயற்கையான தோழமை என்று 1990-களில் அடையாளம் காட்டினார். நேரம், இடம், பேசுபொருள் மூன்றையும் நிர்வாகம் முடிவு செய்தால், ஆசிரியர்கள் உடலால் கூடுவார்கள். உள்ளத்தால் கூட மாட்டார்கள். அதைவிட, ஏற்கெனவே இருந்த இயல்பான கூட்டுறவுக்கான நேரத்தையும் அது பறித்துக்கொள்ளும்.

பறிக்கப்படும் நேரத்துக்குக் கணக்கும் இருக்கிறது. தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் உத்தராகண்ட், மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா ஆகிய மாநிலங்களில் நடத்திய ஆய்வில், ஆண்டின் பள்ளி நேரத்தில் 19.1 விழுக்காடே கற்பித்தலுக்குப் போகிறது என்று தெரிந்தது. மீதி நேரத்தின் பெரும்பகுதி பதிவேடுகளுக்கும், சத்துணவு மேற்பார்வைக்கும், பள்ளி நிர்வாகத்துக்கும், வேறு துறைகளின் வேலைக்கும் கரைகிறது. தமிழ்நாட்டு ஆசிரியர்கள், பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் இணையதளமான எமிஸ் என்றாலே பெருமூச்சு விடுவதன் பின்னணி இதுதான். பதிவேற்றத்துக்காக இணையக் கோளாறோடு போராடும் ஆசிரியரால் பக்கத்து அறையை எட்டிப் பார்க்க முடியாது. சோர்வுக்குக் காரணம் வேலையின் அளவு மட்டும் அல்ல. துணையாக நின்றிருக்கக்கூடியவரையும் அதே வேலை கட்டிப்போடுகிறது.

ஆசிரியரின் தனிமையை ஜப்பான் வேறு வழியில் தீர்த்தது. அங்கே பாட ஆய்வு என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பல வாரங்கள் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் வகுப்பின் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள். பிறகு நடக்கும் உரையாடலில் விமர்சிக்கப்படுவது பாடம்; நடத்திய ஆசிரியர் அல்ல. அது எல்லாரும் சேர்ந்து தயாரித்த பாடம் என்பதால் தோல்வியும் எல்லாருடையது. ஜப்பானியப் பள்ளிகளில் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே பெரிய ஆசிரியர் அறையில் மேசை இருக்கிறது. ஒரே வகுப்பு நிலையைக் கற்பிப்பவர்கள் அருகருகே உட்காருகிறார்கள். ஜப்பானிய ஆசிரியர்களுக்கும் வேலைச் சுமை கடுமையானதுதான். நீண்ட பணிநேரம் அங்கே பெரிய பிரச்சினை. ஆனாலும், வகுப்பில் தோற்றுப்போன நாளில் தனியாக வீடு திரும்பவேண்டியதில்லை என்ற ஏற்பாடு அங்கே கட்டட வரைபடத்திலேயே இருக்கிறது.

தோழமையின் நிழல்

ஆசிரியர் ஒற்றுமை எப்போதும் நல்லதையே செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. பிள்ளையை அடித்த சக ஆசிரியரைக் காப்பாற்ற எல்லாரும் வாய்மூடிக்கொள்வதும் ஒற்றுமை என்ற பெயரில்தான் நடக்கிறது. பள்ளிக்கு ஒழுங்காக வராதவருக்காக மற்றவர் ஆண்டு முழுவதும் சுமப்பதும் தோழமை என்றே சொல்லப்படுகிறது. துணையின் பயன் வகுப்பறைக்குப் போய்ச் சேரவேண்டும். பிள்ளைக்குக் கேடு விளைவிக்கும் துணைக்கு வேறு பெயர் உண்டு. பிரைக்கும் ஷ்னைடரும் நம்பிக்கையின் நான்கு கூறுகளில் அக்கறையையும் திறமையையும் நேர்மையையும் ஒன்றாகவே வைத்தது அதனால்தான். அக்கறை மட்டும் இருந்து மற்றவை இல்லாதபோது அது கூட்டாகக் கண்ணை மூடிக்கொள்வதாகிவிடும்.

ஆசிரியர் அறையின் வட்டத்துக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதும் முக்கியம். மதியம் சாப்பாட்டு டப்பா திறக்கும்போது சாதியின் காரணமாகத் தனியே உட்காரவேண்டிய ஓர் ஆசிரியர் இருக்கும் பள்ளியில், கூட்டுறவைப் பற்றிய எந்தப் பயிற்சியும் உண்மையாகாது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்து, இரண்டு பேருந்து மாறி வந்து, மாலை திரும்பியதும் அடுப்படிக்குள் போகிறவர்கள். நாலு மணிக்குப் பிறகு நடக்கும் எந்தக் கூட்டத்துக்கும் அவர்களால் முழு மனத்தோடு வர முடியாது. தோழமைக்கான நேரம் பள்ளி நேரத்துக்குள் இருக்கவேண்டும் என்று கேட்பதற்கு இது வலுவான காரணம்.

செய்யக்கூடியவை

இவற்றிலிருந்து எழும் கோரிக்கைகள் சிக்கலானவை அல்ல. முதலாவது, எந்தப் பள்ளியும் ஓராசிரியர் பள்ளியாகக் கூடாது. ஏட்டளவில் இருவர் இருந்தும், ஒருவர் நீண்ட விடுப்பிலோ வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியிலோ போய்விட்டால் மிஞ்சுபவர் தனியாளே. ஒன்றியந்தோறும் அத்தகைய இடங்களுக்கு உடனே அனுப்பக்கூடிய விடுப்பு ஈட்டு ஆசிரியர்களை நிரந்தரப் பணியிடங்களாக வைத்திருக்கவேண்டும். தன் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று விடுப்பு எடுக்கும் ஆசிரியர், குற்றவுணர்வோடு பக்கத்து ஆசிரியரிடம் கெஞ்சவேண்டிய நிலை இருக்கக் கூடாது.

இரண்டாவது, குறுவள மையக் கூட்டத்தின் பாதி நேரத்தையாவது ஆசிரியர்களிடமே விட்டுவிடவேண்டும். பேசுபொருளை அவர்கள் தீர்மானிக்கட்டும். படம் அனுப்பச் சொல்லவேண்டாம். அறிக்கை கேட்கவேண்டாம். ஒருவர் தன் வகுப்பில் எங்கே தடுமாறுகிறார் என்று மற்றவர்கள் முன்னால் சொல்லும் துணிவு, அது மதிப்பீட்டுப் படிவத்தில் ஏறாது என்ற உறுதி இருந்தால்தான் வரும்.

மூன்றாவது, புதிதாகப் பணியேற்கும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் முதல் இரண்டு ஆண்டுகள், அதே பகுதியைச் சேர்ந்த ஒரு மூத்த ஆசிரியரைத் துணையாக இணைக்கவேண்டும். மேற்பார்வையிடுவதும் அறிக்கை எழுதுவதும் அவர் வேலையாக இருக்கக் கூடாது. ஒருவர் வகுப்பை மற்றவர் போய்ப் பார்க்க மாதம் ஒரு நாள் இருவருக்கும் கிடைக்கவேண்டும். நான்காவது, வேறு துறைகளின் கணக்கெடுப்பையும் பதிவேற்றத்தையும் பள்ளியின் தோளிலிருந்து இறக்கவேண்டும். ஐந்தாவது, தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் பணிப் பாதுகாப்பும் சட்டப்படி கிடைக்கவேண்டும். அடுத்த நெருக்கடி அறிவித்துவிட்டு வராது.

இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பணத்தைவிட அதிகமாக வேண்டியது, ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நேரத்தை வீணான நேரமாகக் கருதாத மனம். ஒரு பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை என்பதைப் பற்றி இரண்டு ஆசிரியர்கள் அரை மணி நேரம் பேசுவதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில்தான் ஆசிரியர்கள் களைப்பைப் பகிர்ந்துகொள்கிறார்கள், தவறைத் திருத்திக்கொள்கிறார்கள், மறுநாள் வகுப்புக்குள் நுழையும் தெம்பைப் பெறுகிறார்கள். ஆசிரியர்கள் தளராமல் நிற்கவேண்டும் என்று சமூகம் எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்புக்கு உரிமை கோரவேண்டுமானால், அவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதற்கான நேரத்தைப் பள்ளியின் கால அட்டவணையிலேயே அவர்களுக்குக் கொடுக்கும் கடமையும் சமூகத்துக்கு உண்டு.